செண்பகவல்லியின் நூறு

1

இந்தக் கதை எனக்கு ஒரு டவுன் பஸ்ஸில் கிடைத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் உங்கள் வீட்டில் யாருக்காவது ரத்த வியாதியா என்று நாலு பேர் வந்து விசாரிப்பார்கள்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறும்போது ஜன்னல் தகரம் என் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. நல்ல ஆழம். கைக்குட்டை நனைந்துகொண்டே போனது. பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள், முன்பின் தெரியாதவர், “அழுத்திப் பிடிங்கோ. நிமிஷத்துக்கு ஒருதரம் எடுத்து எடுத்துப் பாக்காதீங்கோ” என்றார். ஏன் என்று கேட்டேன். “உள்ள வேலை நடந்துண்டிருக்கு. கதவைத் திறந்து திறந்து பாத்தா அவா எப்படி வேலை செய்வா?” என்றார்.

காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் ரத்தம் நின்றிருந்தது. அவர் மாம்பழச்சாலையில் இறங்கிப் போய்விட்டார்.

அந்த ‘அவா’ யார்? நான் ஒன்றும் சின்னப் பிள்ளை இல்லை. விழுந்திருக்கிறேன், சவரம் செய்யும்போது கிழித்துக்கொண்டிருக்கிறேன், ஒருமுறை அரிவாள்மணையில் விரலைக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ரத்தம் நின்றது. ஒருமுறைகூட, நிறுத்தியது யார் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டதும் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க வாய் பிளந்தது. பிளந்த வாயை மூடுவதற்காக எழுதுவதுதான் இது.

2

தொடக்கம் வரவில்லை. வராதவற்றையும் உங்களுக்குக் காட்டிவிடுகிறேன்.

‘பேராசிரியை செண்பகவல்லி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தபோது ராஜகோபுரத்தின் மேல் புறாக்கள்—’ [விட்டுவிட்டேன். ஸ்ரீரங்கம் என்று எழுதினால் கோபுரமும் புறாவும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. தவிர, செண்பகவல்லியின் வீடுதான் அங்கே. ஆய்வுக்கூடம் ஆற்றுக்கு இந்தப் பக்கம், திருச்சியில், ஒரு கல்லூரியின் இரண்டாம் மாடியில். அதன் ஜன்னலில் தெரிவது தண்ணீர்த் தொட்டி.]

‘ரத்தம் என்பது—’ [பாடப்புத்தகம்.]

‘வைஷ்ணவிக்கு ஆறு வயதில் முதல் பல் விழுந்தது. ரத்தம் மூன்று நாள் நிற்கவில்லை.’ [இது இருக்கட்டும். இதுதான் கதை.]

3

வைஷ்ணவி துறையூர்ப் பக்கத்துப் பெண். அந்த மூன்று நாளும் அவளுடைய அம்மா வீரம்மாள், வாயில் பஞ்சை வைத்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு துறையூருக்கும் திருச்சிக்கும் அலைந்தார். ஆஸ்பத்திரியில் பிளேட்லெட் எண்ணினார்கள். [டெங்கு வந்துபோன ஊர்களில் இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.] எண்ணிக்கை சரியாகவே இருந்தது. ரத்தம் மட்டும் நிற்கவில்லை. அங்கிருந்த டாக்டர் ஒருவருக்கு ஏதோ தோன்றி, ஒரு குழாய் ரத்தத்தைச் செண்பகவல்லியிடம் அனுப்பினார். அங்கேதான் விஷயம் தெரிந்தது. பிளேட்லெட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கைகள் இல்லை.

கைகள் என்பது என் சொல். செண்பகவல்லி ‘ஒட்டு மூலக்கூறு’ என்பார். ஒரு பிளேட்லெட்டை மணல் துகளோடு வைத்தால் காணாமல் போய்விடும், அத்தனை சிறிது. அதன் மேல் இந்தக் கைகள் எண்பதாயிரம் போல இருக்கின்றன. [இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் மொட்டைமாடியில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.] ரத்தக் குழாயில் எங்கேயாவது கீறல் விழுந்தால் கைகள் நிமிர்கின்றன. ரத்தத்தில் மிதக்கும் நார் போன்ற ஒரு புரதத்தை ஒரு முனையில் இது பிடிக்கிறது, மறுமுனையில் அடுத்தது பிடிக்கிறது. பூக்கட்டுகிறவர் நாரில் பூவைச் சேர்ப்பதுபோலச் சேர்ந்துகொண்டே போய்க் கிழிசலை மூடிவிடுகின்றன.

நிமிர்வதைவிட என்னை அசத்தியது மடங்கியிருப்பதுதான். காரணமில்லாமல் நிமிர்ந்தால் மூளையிலோ நெஞ்சிலோ ரத்தம் கட்டி ஆளே போய்விடுவார். ஆக, நான் பிறந்த நாளிலிருந்து கோடி கோடிக் கைகள் எனக்குள் சுற்றிவருகின்றன, வேளை வரும்வரை சும்மா இருக்கத் தெரிந்துகொண்டு. எனக்கோ ஒரு வாக்கியத்தை எழுதாமல் சும்மா இருக்கத் தெரியவில்லை.

வைஷ்ணவிக்கு அந்தக் கைகள் பிறவியிலேயே இல்லை. அடிபட்டால், பல் பிடுங்கினால், மாதாமாதம் வரும் நாட்களில்கூட அவளுக்கு அடுத்தவர்களின் பிளேட்லெட்டுகளை ஏற்ற வேண்டும்.

4

எதை அளக்கவும் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும். நோயாளியின் ரத்தத்துக்குப் பக்கத்தில் நல்ல ரத்தம் ஒன்றை வைத்துத்தான் செண்பகவல்லி அளப்பார். நல்ல ரத்தத்துக்கு எங்கே போவது? மாணவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தலைவலி என்று ஓர் ஆஸ்பிரின் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். அந்த ஒரு மாத்திரை பிளேட்லெட்டுகளை ஒரு வாரத்துக்கு மேல் ஒழுங்காக ஒட்டவிடாது. கேட்டால், “ஒண்ணே ஒண்ணுதான் மேடம் போட்டேன்” என்பார்கள்.

செண்பகவல்லி மாத்திரை தொடாதவர். காய்ச்சல் வந்தாலும் மிளகு ரசம்தான், அவர் வீட்டுப் பேச்சில் சாத்தமுது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அதனால் தன் கையையே நீட்டிவிடுவார். மூலக்கூறில் மட்டும் போய் ஒட்டும் சாயம் ஒன்றைக் கலந்து, லேசர் வெளிச்சத்தில் அது எவ்வளவு மின்னுகிறது என்று இயந்திரம் சொல்லும். செண்பகவல்லியின் ரத்தம் எவ்வளவு மின்னுகிறதோ அது நூறு. மற்றவர்கள் அந்த நூற்றில் எத்தனை. இருபது வருடமாக அந்த ஆய்வுக்கூடத்தில் இதுதான் வழக்கம். வந்ததெல்லாம் கைகள் குறைந்த நோயாளிகள், யாரும் நூறைத் தாண்டியதில்லை. வைஷ்ணவி அந்த நூற்றில் பூஜ்யம்.

* தாஜுதீன் என்ற ஆராய்ச்சி மாணவர் ஒருமுறை விளையாட்டாகத் தன் ரத்தத்தை வைத்துப் பார்த்தார். நூற்றுத் தொண்ணூறு காட்டியது. “பிரியாணி பேசறது” என்றார் செண்பகவல்லி. எல்லாரும் சிரித்தார்கள். அந்த அளவைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவிட்டார்கள். இந்தக் குறிப்பை நீங்களும் அப்படி ஒதுக்கிவிட வேண்டாம்.

5

வைஷ்ணவியைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்தது.

முதலில் நான் எழுதியவள் வெளுத்துப்போய், ஜன்னலோரம் உட்கார்ந்து, மற்றப் பெண்கள் பாண்டி ஆடுவதை ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு பக்கம் போயிற்று. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானே இரக்கப்பட்டுக்கொண்டும் நானே கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருந்தேன். ரத்தம் உறையாத பெண் என்றால் வாழ்க்கையும் ஓடாத பெண் என்று யார் எனக்குச் சொன்னது?

நாலு பக்கத்தையும் கிழித்தேன். இப்போது இருக்கும் வைஷ்ணவிக்கு இருபத்தாறு வயது. துறையூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். கடைக்காரர்களின் மனைவிமார்களும் ஓய்வுபெற்ற வாத்தியார்களும் அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டு கியர் மாற்றுகிறார்கள். திடீரென்று நின்றால் சீட் பெல்ட் அழுத்திய இடம் அவளுக்குக் கருநீலமாகக் கன்றிவிடும். “கத்துக்குடுக்கற வண்டியில என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கு மேடம். அது போதும்” என்று செண்பகவல்லியிடம் சொல்லியிருக்கிறாள். [பிரேக் இல்லாத ரத்தம், பிரேக் பிடிக்கும் வேலை என்று இங்கே ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். ரொம்பத்தான் பொருந்தியது. எடுத்துவிட்டேன்.]

அவளுக்குத் தன் மாமன் மகன் ஜெயக்குமாரைப் பிடிக்கும். ஜெயக்குமார் சின்ன வெங்காயம் போடுகிறவர், நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுகிறவர். அவருக்கும் அவளைத்தான் பிடிக்கும். முறைதான். வீட்டில் தடையும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் நடுவில் நின்றது: பிறக்கிற பிள்ளைக்கும் இது வருமா?

6

இந்தக் குறை அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் வந்தால்தான் வைஷ்ணவி மாதிரி ஆகும். ஒரு வழியில் மட்டும் வந்தால் கைகள் பாதியாகக் குறையும், அவ்வளவுதான். ரத்தம் நன்றாகவே நிற்கும். அந்த ஆளுக்கு ஆயுசுக்கும் தெரியவே தெரியாது. ஆகவே ஜெயக்குமாருக்குக் கைகள் முழுதாக இருந்தால், வைஷ்ணவிக்குப் பிறக்கும் எந்தப் பிள்ளைக்கும் நோய் வராது. பாதியாக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு. ஒரே குடும்பத்து ரத்தம் என்பதால் பாதியாக இருக்க நிறையவே இடமுண்டு.

* மரபணுவையே சோதித்திருக்கலாமே என்பீர்கள். வைஷ்ணவிக்குச் சோதித்தார்கள். பிழை எந்த இடத்தில் என்று இன்னும் பிடிபடவில்லை. அதனால் கைகளை எண்ணுவதுதான் வழி.

வீரம்மாள் சமயபுரத்தில் பூக்கட்டிப் பார்த்தார். சிவப்பு ஒன்றும் வெள்ளை ஒன்றுமாக இரண்டு பூப்பொட்டலம் அம்மன் முன்னால் போட்டு, யாரோ ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது. நல்ல வாக்கு. “அம்மன் சொன்னது சரி, மேடமும் சொல்லட்டும்” என்று வைஷ்ணவி ஜெயக்குமாரை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிவந்தாள்.

இயந்திரம் நூற்று இரண்டு என்றது.

“முழுசா இருக்கும்மா. தாராளமா கல்யாணம் பண்ணிக்கோங்கோ” என்றார் செண்பகவல்லி. ஜெயக்குமார் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். வைஷ்ணவி ஜன்னல் பக்கம் திரும்பித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வைகாசியில் முகூர்த்தம் குறித்தார்கள்.

கதையை இங்கேயே முடித்துவிடத்தான் ஆசை. எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் தாஜுதீன் குறிப்பைப் படித்துவிட்டீர்கள்.

7

வீரம்மாள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை. வைத்துக் கொடுத்துவிட்டு, கிளம்பாமல் நின்றார். பிறகு ரவிக்கைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“என்னதயும் ஒருக்கா பாத்துருங்க டாக்டரம்மா.” [செண்பகவல்லி மருத்துவ டாக்டர் இல்லை. இருபது வருடமாகச் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.]

“உங்களுக்கு எதுக்கு? பாக்காமலே சொல்வேனே. உங்களண்ட பாதி, அவ அப்பாகிட்ட பாதி. ரெண்டும் சேர்ந்துதான் அவளுக்கு வந்திருக்கு.”

“அவரு போய்ச் சேந்துட்டாரு, அவரப் பாக்க முடியாது. அவரு வீட்டுல இன்னமும் எங்க ரத்தந்தான் சுத்தமில்லங்கறாங்க. என் பங்கு பாதிதான்னு மெஷினு சொல்லி ஒருக்கா என் கண்ணால பாத்துக்கறேன்.”

மறுக்க மனம் வரவில்லை. எடுத்தார். ஐம்பது வரும் என்று செண்பகவல்லிக்குத் தெரியும். வந்தாக வேண்டும். சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி நிச்சயமான விஷயம் அது.

தொண்ணூற்றெட்டு வந்தது.

குழாய் மாறிவிட்டதோ என்று மறுபடி எடுத்தார். தொண்ணூற்றேழு. வீரம்மாள் கை மாற்றி மாற்றி நீட்டினார். பூஜ்யமான பெண்ணைப் பெற்ற தாய் நூறாக இருக்க முடியாது. இயந்திரம் பழுதில்லை. சாயம் புதிது. மிச்சமிருந்தது ஒன்றுதான், அதையும் செண்பகவல்லி பார்த்தார், ஆனால் உடனே பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு திரும்பினார்.

“தாஜுதீன், கையைக் குடுங்கோ.”

நூற்றுத் தொண்ணூற்று மூன்று. அலுவலக உதவியாளர் அற்புதசாமியைக் கூப்பிட்டார்கள். இருநூற்று நாலு. பக்கத்துத் துறையில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் அருள்நாதனை நடைபாதையிலிருந்து பிடித்துவந்தார்கள். நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

நூறு என்பது பாதி. வீரம்மாள் சரியாகத்தான் பாதி. அளவுகோலாக இருந்தவரும் பாதி.

அப்படியென்றால் ஜெயக்குமாரும்.

8

இங்கே நான் எழுந்து செண்பகவல்லிக்கு வேறு ஒரு முடிவு கொடுத்துப் பார்த்தேன். சொல்லாமல் விட்டுவிடட்டும். இரண்டில் ஒன்றுதானே, நல்லதாகவே நடக்கலாமே. பத்திரிகைகூட அடித்தாகிவிட்டது. அவர் மௌனமாக இருக்க, கல்யாணம் நடக்க, அடுத்த வருடம் ஆரோக்கியமான குழந்தை பிறக்க—

[இதற்கு மேல் ஓடவில்லை. அவர் அந்தக் கல்யாணத்துக்குப் போய் அட்சதை போடும் காட்சியை எழுத வேண்டியிருந்தது. கை உயரவில்லை, அவருக்கும் எனக்கும்.]

நடந்தது இதுதான். செண்பகவல்லி வீரம்மாளிடம், அவர் பங்கு பாதிதான் என்று மட்டும் சொல்லி அனுப்பிவைத்தார். சாயங்காலம் ஸ்ரீரங்கத்து வீட்டில், வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அவருடைய கணவர் வேதாந்தம், “தளிகை ஆயிடுத்து, வா” என்று கூப்பிட்டார். செண்பகவல்லி சாப்பிட உட்காரவில்லை.

“ஏன்னா, நான் பாதிதான்.”

“யார் சொன்னா?”

“என் ரத்தம் சொல்றது.” எல்லாவற்றையும் சொன்னார்.

வேதாந்தம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். “முப்பது வருஷமா உன்னோட குடித்தனம் பண்றேன். நீ முழுசா வேற இருந்திருந்தா என் கதி என்ன ஆயிருக்கும்?”

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண் நிறைந்தது. “ரெண்டு பிரசவம், ஒரு ஆபரேஷன். பாதி ஆளை வெச்சுண்டே உள்ள அத்தனையும் சமாளிச்சிருக்கு. ஆள் பத்தலைன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. இருபது வருஷமா இதைத்தானே பாத்துண்டிருக்கேன், என் கையிலயே இருந்திருக்கு, தெரியலை.” தன் முழங்கையில் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன இடத்தைத் தடவிக்கொண்டார். அவர் முகத்தில் அப்போது இருந்தது வெட்கமா, கோயிலில் திரை விலகும்போது வருமே அதுவா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் இருந்தன.

“அந்தப் பொண்ணுக்கு போன் பண்ணிச் சொல்லேன்” என்றார் வேதாந்தம்.

“போன்ல சொல்ற விஷயமா இது.”

9

மறுநாள் காலையில் சத்திரத்தில் துறையூர் பஸ் ஏறினார். டிரைவிங் ஸ்கூல் வாசலில் எல் போர்டு மாட்டிய கார் நின்றது. வைஷ்ணவி ஒரு வாத்தியாருக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மேடத்தைப் பார்த்ததும் வாத்தியாரை இறக்கிவிட்டு ஸ்டியரிங் பக்கம் மாறி உட்கார்ந்து, “ஏறுங்க மேடம், உள்ள ஏசி இருக்கு” என்றாள்.

காருக்குள் வைத்துச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. “தப்பு என்னோடது. நான் முழுசுன்னு நினைச்சு என்னை வெச்சு எல்லாரையும் அளந்துட்டேன். நான் பாதி. ஜெயக்குமாரும் பாதி.”

வைஷ்ணவி ஸ்டியரிங்கில் இருந்த கையை எடுக்கவில்லை.

“அப்ப புள்ளைக்கு?”

“ஒவ்வொரு குழந்தைக்கும் ரெண்டுல ஒண்ணு. உன்னை மாதிரி பொறக்கலாம்.”

“இல்லன்னா?”

செண்பகவல்லிக்குச் சொல்லச் சங்கடமாக இருந்தது. “என்னை மாதிரி.”

வைஷ்ணவி முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “நீங்க வந்து உக்காந்ததுலேருந்து இழவு வீட்டுக்கு வந்த மாதிரி பேசறீங்க மேடம். என்னை மாதிரி பொறந்தா அவ்வளவு மோசமா? நான் நல்லாத்தான இருக்கேன்?”

இந்த வாக்கியம் நான் திட்டமிட்டது இல்லை. நான் எழுத வைத்திருந்தது, அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுவதாக. செண்பகவல்லியும் நானும் அவளை எப்போதும் எங்களை வைத்துத்தான் அளந்துகொண்டிருந்தோம்.

பிறகு அவளே தொடர்ந்தாள், குரல் இறங்கியிருந்தது.

“எங்கம்மா இருக்காங்கல்ல. இருபது வருஷமா காலையில எந்திரிச்சதும் என் தலகாணி உறைய எடுத்து வெளிச்சத்துல பாப்பாங்க. கறை இல்லன்னாத்தான் அடுப்பப் பத்தவெப்பாங்க. ஒரு நாள் விட்டதில்ல. நான் தூங்கற மாதிரி கண்ண மூடிக்கிட்டுப் பாத்துட்டே இருப்பேன். எனக்கு என்னை மாதிரி ஒரு புள்ள பொறந்தா, புள்ளையப் பத்தி பயமில்ல மேடம். எங்கம்மா மாதிரி என்னால இருக்க முடியுமான்னுதான் தெரியல.”

செண்பகவல்லி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். கன்றிவிடுமே என்று பயந்து மெதுவாகப் பிடித்தார். “பரவால்ல, அழுத்தியே பிடிங்க” என்றாள் வைஷ்ணவி.

10

முடிவுகள் மூன்று எழுதினேன். ஒன்றில் கல்யாணம் நின்றது, ஒன்றில் நடந்தது, ஒன்றில் நடந்து பிள்ளை வேண்டாமென்று இருந்தார்கள். மூன்றையும் வைஷ்ணவியின் முன்னால் நீட்டுவதாகக் கற்பனை செய்தேன். சரியாகக் கியர் மாற்றாத வாத்தியாரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

“பெல்ட்டப் போடுங்க மேடம்” என்று செண்பகவல்லியிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். ஊரைத் தாண்டி, வெங்காயக் காட்டு ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினாள். நடுவில் ஜெயக்குமார் தண்ணீர் மாற்றிவிட்டுக்கொண்டிருந்தார். “நானும் வரட்டுமா?” என்று கேட்டார் செண்பகவல்லி. “வேணாம் மேடம். இது நாங்க பேசிக்கறது” என்று இறங்கிப் போனாள்.

அவள் சொல்ல ஆரம்பித்தது காரிலிருந்து தெரிந்தது. ஜெயக்குமார் மண்வெட்டியைச் சாய்த்துவைத்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, ரத்தம் எடுத்த இடத்தை, ஏதோ இப்போதுதான் முளைத்தது மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வைஷ்ணவி ஏதோ கேட்டாள். அவர் எப்போதும்போல ஒரே ஒரு வார்த்தையில் பதில் சொன்னார்.

செண்பகவல்லி கார் ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றி மூடிக்கொண்டார். உள்ளே வேலை நடக்கும்போது கதவைத் திறந்து பார்க்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும், பஸ்ஸில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அதனால் அந்த வார்த்தை என்ன என்று நான் கேட்கவில்லை.

உங்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டும் என்றால் இறங்கிப் போய்க் கேளுங்கள். வரப்பு வழியாகப் போனால் ஐம்பதடிதான். போகும்போது ஒன்று மட்டும்: அவளைப் பார்க்க ஐயோ பாவம் என்ற முகத்தோடு போகாதீர்கள். அவளுக்குப் பிடிக்காது.